கடைசிச் சாலுரான்

(காஜாங்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைப் பார்த்ததும் அழைப்பிதழ் அடித்த அச்சகத்துக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். தமிழ்ச் சொற்பொழிவுக்கு மலாய்ச் சொல் எதற்கு, ‘கடைசி வாய்க்கால்’ என்று போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். அகராதிப்படி அவர் சொன்னது சரிதான். சாலுரான் என்றால் வாய்க்கால்தான். ஆனால் தேர்தல் நாளன்று பள்ளிக்கூட வாசலில் நின்று, “நீங்க எந்தச் சாலுரான்?” என்று கேட்காத மலேசியத் தமிழர் உண்டா? அது எப்போதோ நம் சொல்லாகிவிட்டது.

நான் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நம் நாட்டில் தேர்தல் வந்தால் ஆசிரியருக்கு ஓய்வு கிடையாது. பள்ளிக்கூடம் வாக்குச்சாவடியாகும், வாத்தியார் தேர்தல் கிராணியாவார். 1995 முதல் 2022 வரை ஏழு பொதுத் தேர்தல்களில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இடையில் இதே காஜாங்கில் ஓர் இடைத்தேர்தல். பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பது, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது, சீட்டைக் கிழித்துக் கொடுப்பது, பிறகு வாக்கு எண்ணுவது. தேர்தல் பணியில் இருப்பவனுக்கு ஓட்டு அஞ்சலில் போய்விடும். ஆகவே பிறருக்கு வரிசை ஒழுங்கு சொன்ன எனக்கு, வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட அனுபவம் குறைவு. அந்த வருத்தம் இன்னும் உண்டு.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். நம் வாக்காளர் பட்டியல் வயதுப்படி பிரிக்கப்படுகிறது. ஒரு சாலுரானுக்குச் சுமார் அறுநூறு, எழுநூறு பேர். முதல் சாலுரானில் தாத்தா பாட்டிகள். சக்கர நாற்காலி, கைத்தடி, பேரனின் தோள். எண் ஏற ஏற வயது இறங்கும். கடைசிச் சாலுரானில் அந்த வட்டாரத்தின் இளசுகள். வாக்கு எண்ணிக்கையும் சாலுரான் வாரியாகவே நடக்கிறது. ஒவ்வொன்றின் முடிவும் தனித்தனிப் படிவத்தில் பதிவாகிறது. எந்தத் தலைமுறை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை அறிய இந்த நாட்டில் கருத்துக் கணிப்பு தேவையே இல்லை. எங்களைப் போன்றவர்களுக்குப் பெட்டியைத் திறந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எனக்குப் பெரும்பாலும் கடைசிச் சாலுரானே வாய்த்தது. அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததற்கும், ‘இளைஞர்களுக்குத் தேர்தலில் நம்பிக்கை போய்விட்டது’ என்று மேடைகளில் பேசப்படுவதற்கும் இடையே ஒரு முரண் இருக்கிறது. நம்பிக்கை போயிருப்பது உண்மைதான். யாருக்கு முதலில் போனது என்பதில்தான் என் கருத்து வேறு. என் கணக்கில் முதலில் நம்பிக்கை இழந்தவை கட்சிகள். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்.

இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன். காஜாங் என்றால் உலகத்துக்குச் சாத்தே. அரசியல்காரர்களுக்கு ‘காஜாங் நகர்வு’. 2013 மே 5 பொதுத் தேர்தலில் காஜாங் சட்டமன்றத் தொகுதியில் பிகேஆர் கட்சியின் லீ சின் செ வென்றார். வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 88 விழுக்காடு. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2014 ஜனவரி 27-ஆம் தேதி பதவி விலகினார். அவர் மேல் புகார் இல்லை, உடல்நலக் குறைவும் இல்லை. சிலாங்கூர் மந்திரி பெசார் காலிட் இப்ராஹிமை மாற்ற வேண்டும், அதற்குக் கட்சியின் முன்னணி முகமான அன்வார் இப்ராஹிம் சட்டமன்றத்துக்குள் வர வேண்டும், அதற்கு ஓர் இடம் காலியாக வேண்டும். காலியானது நம் தொகுதி. திட்டத்தை வகுத்தவர் அதே கட்சியின் ரஃபிஸி ரம்லி.

அப்புறம் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். மார்ச் 7-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அன்வாருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. வேட்புமனு நாளுக்கு இன்னும் நான்கே நாள். அதனால் நிற்க முடியாமல் போன அன்வாருக்குப் பதிலாக அவர் துணைவியார் வான் அஸிஸா நின்றார். மார்ச் 23 அன்று மலேசிய சீனர் சங்கத்தின் (மசீச) சியூ மெய் ஃபன்னை 5,379 வாக்குகளில் வென்றார். முந்தைய பெரும்பான்மை 6,824. வாக்களித்தோர் 88-லிருந்து 72 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தார்கள். ஆறு மாதத்தில் மந்திரி பெசார் மாறத்தான் செய்தார். ஆனால் அந்த நாற்காலியில் அமர்ந்தது அன்வாரும் இல்லை, வான் அஸிஸாவும் இல்லை. அதே கட்சியின் அஸ்மின் அலி.

அந்த இடைத்தேர்தலில் நான் பணியில் இருந்தேன். பிற்பகலில் ஒரு முதியவர், என் பழைய மாணவனின் தகப்பனார், சீட்டை வாங்கிக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்: “சார், போன வருஷம்தானே போட்டோம். அது என்னாச்சு?” பணியில் இருப்பவன் பதில் சொல்லக்கூடாது. சொல்லலாம் என்றிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை. ஒரு நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், முப்பதாயிரம் பேருக்கு மேல் காலையில் எழுந்து குளித்து வந்து போட்ட ஓட்டை, சதுரங்கக் காயை நகர்த்துவதுபோல் நகர்த்தலாம் என்று அன்று ஒரு கட்சி நினைத்தது. அன்வாருக்கு அநீதி நடந்தது என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். இருந்தும் சொல்கிறேன்: எங்கள் ஊர் ஓட்டை அவர்கள் சில்லறையாகச் செலவழித்தார்கள்.

காஜாங்கில் தொடங்கிய அந்தக் கோடு எங்கே போய் முடிந்தது பாருங்கள். அந்த நகர்வின் முடிவில் மந்திரி பெசாரான அதே அஸ்மின் அலிதான், 2020 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயா ஷெராட்டன் ஹோட்டலில் முடிவான காரியத்தின் முன்னணித் தளபதி. 2018-இல் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி, ஒருவர்கூட ஓட்டுப் போடாமல் கவிழ்ந்தது. மார்ச் 1-ஆம் தேதி முஹிடின் யாசின் பிரதமரானார். 2021 ஆகஸ்டில் இஸ்மாயில் சாப்ரி. இடையில் 2021 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை அவசரகாலம். நாடாளுமன்றம் பெரும்பகுதி பூட்டியே கிடந்தது. கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் 2022 அக்டோபரில்தான் அமலுக்கு வந்தது. குதிரை ஓடிய பிறகு லாயத்துக்குப் பூட்டு என்பார்கள். இங்கே லாயமே ஓடிப்போய், பிறகு திரும்பி வந்திருந்தது.

நகர்வுத் திட்டம் வகுத்த ரஃபிஸியின் கதை இன்னும் வேடிக்கை. 2010-இல் பிகேஆர், தன் உறுப்பினர் ஒவ்வொருவரும் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தலைமையைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்தப் பெருமை அதற்கு உண்டு. 2025-இல் அதைக் கைவிட்டுப் பேராளர்கள் மட்டும் ஓட்டளிக்கும் முறைக்குத் திரும்பியது. அந்த மே மாதம் துணைத்தலைவர் தேர்தலில் ரஃபிஸி, அன்வாரின் மகள் நூருல் இஸ்ஸாவிடம் தோற்றார்; அமைச்சர் பதவியையும் விட்டார். தொகுதித் தேர்தல்களில் முறைகேடு என்று அவர் அணியே புகார் சொன்னது. புகாரின் நியாயத்தை நான் தீர்ப்பளிக்க வரவில்லை. உறுப்பினர் கையிலிருந்த ஓட்டை எடுத்துப் பேராளர் கையில் கொடுக்கும் கட்சிக்குத் தேர்தல் மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கும் என்று மட்டும் கேட்கிறேன்.

நம் வீட்டுக் கதையும் ஒன்றும் மேல் இல்லை. மலேசிய இந்திய காங்கிரஸ், அதாவது மஇகா, 1946-இல் பிறந்தது. அதன் தலைமையை 1979 முதல் 2010 வரை முப்பத்தோரு ஆண்டுகள் சாமிவேலு வைத்திருந்தார். அவர் போன பிறகாவது மூச்சு விடும் என்றால், 2013-இல் நடந்த கட்சித் தேர்தலே செல்லாது என்று சங்கப் பதிவிலாகா சொல்ல, பழனிவேல் அணி, சுப்பிரமணியம் அணி என்று நீதிமன்றப் படிகளில் அலைந்தது. அந்தக் காலத்தில் என் வகுப்பில் இருந்த பையன்களுக்கு மஇகா என்றாலே வழக்கு என்றுதான் தெரியும். இதன் உச்சம் 2023 ஆகஸ்டு 12. ஆறு மாநிலங்களில் தேர்தல். மஇகாவும் மசீசவும் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. எழுபத்தேழு வயதுக் கட்சி வீட்டிலேயே இருந்துவிட்டது. பதினெட்டு வயதுப் பையன் வீட்டில் இருந்தால் மட்டும் பொறுப்பில்லாதவன்!

ஒரு தலைமுறை இதற்கு நேர்மாறாக நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2007 நவம்பர் 25. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில், இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் பேரணி. கண்ணீர்ப் புகை, தண்ணீர்ப் பீரங்கி. டிசம்பரில் அதன் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். அந்தக் கோபம் தெருவிலேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை, மார்ச் 8-ஆம் தேதி ஓட்டுப்பெட்டிக்கு வந்தது. கமுந்திங்கில் அடைபட்டிருந்த மனோகரனைக் கிள்ளானின் கோத்தா ஆலாம் ஷா வாக்காளர்கள் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சுங்கை சிப்புட்டில் சாமிவேலுவை டாக்டர் மைக்கல் ஜெயகுமார் வீழ்த்தினார். அன்றிரவு என் மேசையில் எண்ணிய இளவட்டச் சீட்டுகளின் கட்டைத் தொட்டபோது கை நடுங்கியது. ஓட்டுக்கு எடை உண்டு என்பதை விரல் உணர்ந்தது அன்றுதான்.

அந்த எடையை வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? ஹிண்ட்ராஃபின் வேதமூர்த்தி 2013 தேர்தலுக்குச் சற்று முன் அன்று ஆண்ட தேசிய முன்னணியோடு ஒப்பந்தம் போட்டு, துணையமைச்சராகி, எட்டொன்பது மாதத்தில் விலகினார். 2018-க்குப் பிறகு எதிரணியின் அமைச்சரானார். அவர் நோக்கம் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கண்ணீர்ப் புகையில் இருமியவனின் மகன் கணக்குப் போடுகிறான் அல்லவா? இந்தப் பக்கம் ஒரு பதவி, அந்தப் பக்கம் ஒரு பதவி, அப்பா கண்ணில் எரிச்சல் மட்டும் மிச்சம்.

சரி, கட்சிகளை விடுவோம். ஆட்டத்தின் பலகையே சரியாக இருக்கிறதா?

2013-இல் தேசிய முன்னணி பெற்ற வாக்கு 47 விழுக்காடு சொச்சம். இடங்கள் 222-இல் 133. எதிரணி பெற்ற வாக்கு 50 விழுக்காட்டுக்கு மேல், இடங்கள் 89. அந்த ஆண்டு விரலில் தடவிய அழியா மை அன்று மாலையே சோப்பில் அழிந்தது. அதில் இருந்தது உணவு நிறமி என்று அரசே மக்களவையில் சொல்ல வேண்டி வந்தது. மை பரவாயில்லை, அது அழிந்தால் தெரியும். தொகுதி எல்லை கண்ணுக்குத் தெரியாமல் அழிக்கும்.

காஜாங் சட்டமன்றத் தொகுதி, பாங்கி நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. 2022-இல் பாங்கியின் வாக்காளர் எண்ணிக்கை 3 லட்சத்து 3 ஆயிரத்துச் சொச்சம். நாட்டிலேயே பெரிய தொகுதி. அதே தேர்தலில் சரவாக்கின் இகான் தொகுதியில் ஏறத்தாழ 28 ஆயிரம் பேர். இரண்டுக்கும் ஒரே ஓர் உறுப்பினர். காஜாங்காரர் பத்துப் பேர் சேர்ந்து போனால் இகான்காரர் ஒருவருக்குச் சமம். 1957 அரசியலமைப்பில் தொகுதிகள் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று வரம்பு இருந்தது. 1962-இல் அதைத் தளர்த்தினார்கள், 1973-இல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். சரவாக் பெரிய காடு, ஆறு, தூரம்; உறுப்பினர் படகில் போக வேண்டும் என்று நியாயம் சொல்வார்கள். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இகானுக்குப் போவானேன், பக்கத்தில் புத்ராஜெயா இருக்கிறதே. அங்கே எந்தக் காடு? 2022-இல் வாக்காளர் 43 ஆயிரத்துக்குள். 2004-இல் முதன்முதலாக அங்கே தேர்தல் நடந்தபோது ஐயாயிரம் பேர் சொச்சம்.

புத்ராஜெயா என்றதும் இந்த அவையில் சிலர் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். அது பெராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் உருவாக்கியது. பெயரின் பொருளே பெரும்போர். பெராங் பெசார், காலவே, மெடிங்லி, செட்ஜ்லி என்று அக்கம்பக்கத் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்கள், 1990-களில் தலைநகரம் எழும்பியபோது டெங்கிலின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். தரைவீடு கேட்டார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொருவர் வந்து உறுதி சொன்னார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த உறுதி அடுக்குமாடியின் விரிசலோடு விரிசலாக இருந்தது. அவர்கள் வெட்டிய மரம் நின்ற மண்ணுக்கு நாடாளுமன்றத்தில் தனி நாற்காலி கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்தது பெருந்தொகுதி ஒன்றின் பட்டியலில் ஒரு வரி. அந்தக் குடும்பத்துப் பேத்தி ஒருத்தி என்னிடம் படித்தாள். தாத்தா 1999-இலிருந்து எந்தெந்தத் தலைவர்களுக்கு மாலை போட்டார் என்று விரல் விட்டுச் சொல்வாள். அவளிடம் போய்க் குடிமைக் கல்விப் பாடம் நடத்திய என் தைரியத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்னும் கீழே இறங்குவோம். இந்த மண்டபத்துக்கு வெளியே தெருவிளக்கு எரியவில்லை, வரும்போது பார்த்திருப்பீர்கள். அது நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. அதன் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. ஒரு காலத்தில் மலாயாவின் நகரங்களில் ஊராட்சித் தேர்தல் சூடு பறக்க நடந்தது. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மேடைப் பேச்சைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இந்தோனேசியாவோடு மோதல் நடந்த 1965-இல், தற்காலிகம் என்று சொல்லி அதை நிறுத்தினார்கள். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதைப் புதைத்தது.

இதில் நம்மவர் ஒருவரின் பெயர் இருக்கிறது, நமக்கே மறந்துபோன பெயர். ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். மஇகாவின் முன்னணித் தலைவர், பின்னாளில் அமைச்சர். அவர் துணைவியார் ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றியவர். ஆணையம் 1968-இல் அறிக்கை கொடுத்தது: தேர்தலை மீண்டும் நடத்துங்கள் என்று. ஆளுங்கூட்டணியின் ஆளே, ஆளுங்கூட்டணிக்கு உவக்காத பரிந்துரையை எழுதினார். அரசு அதை ஏற்கவில்லை. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்தச் சாலையில் குழி விழுந்தால் புகார் சொல்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர் ஒருவர் இல்லை. ஆதி நாகப்பன் கேட்டது அதைத்தான்.

2008-இல் சிலாங்கூரைப் பிடித்தவர்கள் ஊராட்சித் தேர்தலை மீட்போம் என்று சொல்லித்தான் வந்தார்கள். பிடித்த பிறகு, ஒரு கழகத்துக்கு 24 உறுப்பினர் வரை நியமிக்கலாம் என்ற வசதி இனித்துவிட்டது. எந்தக் கட்சிக்கு எத்தனை என்று பங்கு பிரிக்கிறார்கள். தேர்தலில் நம்பிக்கை உள்ளவர்கள், தங்கள் கையில் இருக்கும் இடத்தில் தேர்தல் வைத்துக் காட்டியிருக்க வேண்டாமா? சட்டம் கூட்டரசின் கையில் இருக்கிறது என்றார்கள், நியாயம். இப்போது கூட்டரசும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, இளைஞர்கள் ஓட்டுப் போடவே வருவதில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இங்கே எண்களில் ஒரு கண்ணி இருக்கிறது. 2018 மே 9-இல் 82 விழுக்காடு, 2022 நவம்பர் 19-இல் 74 விழுக்காடு. சரிவு என்கிறார்கள். முன்பு வாக்காளராக வேண்டுமென்றால் 21 வயதாகி, அஞ்சல் நிலையத்திலோ கட்சி மேசையிலோ நாமே போய்ப் பதிய வேண்டும். பதியாதவர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல். அவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. ‘உண்டி 18’ இயக்கத்தின் பிள்ளைகள் உழைத்து, 2019 ஜூலை 16-இல் 211 உறுப்பினர்கள் ஒருமனதாக வாக்களித்து அரசியலமைப்பைத் திருத்தினார்கள். பதினெட்டு வயது, தானியங்கிப் பதிவு. ஒருமனதாக நிறைவேறியதை நடைமுறைக்குக் கொண்டுவர இழுத்தடித்தார்கள்; கூச்சிங் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 15-இல் அமலானது. பட்டியல் 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சமானது. விழுக்காடு இறங்கியது, தலைகளோ ஏறின. 2018-இல் ஓட்டுப் போட்டவர்கள் ஒரு கோடியே 23 லட்சம் என்றால், 2022-இல் ஒரு கோடியே 56 லட்சம்.

அந்த நவம்பர் நாள் என் கடைசிப் பணி. கடைசிச் சாலுரானில் பள்ளிச் சீருடையைக் கழற்றி ஓராண்டுகூட ஆகாத முகங்கள். சீட்டை எப்படி மடிப்பது என்று தெரியாமல் ஒரு பெண் நான்காக மடித்து, பிரித்து, மறுபடி இரண்டாக மடித்தாள். பென்சிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போன ஒருவனைக் கூப்பிட்டு வாங்கினேன். “சார், நினைவா வச்சுக்கலாம்னு பார்த்தேன்” என்றான். நம்பிக்கை இல்லாதவன் பென்சிலைத் திருட மாட்டான்.

ஆனால் அதே பிள்ளைகளை மாநிலத் தேர்தலும் இடைத்தேர்தலும் அவ்வளவாக இழுப்பதில்லை. 2022 மார்ச்சில் ஜொகூர் மாநிலத் தேர்தல், 55 விழுக்காட்டைத் தொடவில்லை. 2024 மே 11-இல் கோலகுபு பாருவில் 61 விழுக்காடு சொச்சம். அங்கே வாக்காளரில் நம்மவர் ஏறக்குறைய 18 விழுக்காடு. ஆளும் பக்காத்தான் கூட்டணிக்குப் பாடம் புகட்டுங்கள் என்று பேராசிரியர் இராமசாமியின் உரிமை கட்சி பிரச்சாரம் செய்தது. வீட்டிலேயே இருங்கள் என்ற பேச்சும் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடியது. அந்தக் கூட்டணியில் உள்ள ஜசெகவின் பாங் சொக் தாவ் 3,869 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். வீட்டில் இருந்தவர்கள் எத்தனை பேர், எதற்காக இருந்தார்கள் என்று எந்தப் படிவமும் சொல்லாது. புறக்கணிப்பில் எனக்குள்ள சண்டை அதுதான். சும்மா இருந்ததற்கும் கோபத்தில் இருந்ததற்கும் எண்ணிக்கை மேசையில் வேறுபாடு இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கிராணிகளாக வந்து குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கதை ஒன்று. 1931-இல் இலங்கையில் முதன்முதலாக அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. அந்தத் தேர்தலையே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் புறக்கணிக்கச் சொன்னது. ஹண்டி பேரின்பநாயகமும் அவர் தோழர்களும் சோம்பேறிகள் அல்ல. முழு விடுதலை வேண்டும், அரைகுறைச் சட்டசபை வேண்டாம் என்ற இலட்சியக்காரர்கள், சாதியை எதிர்த்தவர்கள். புறக்கணிப்பு வென்றது, யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளும் காலியாகவே இருந்தன. தெற்கில் பாராட்டினார்கள், பின்தொடரவில்லை. மூன்றாண்டு கழித்து 1934-இல் இடைத்தேர்தல் வைத்தபோது வேறு ஆட்கள் உள்ளே போனார்கள். தமிழர் அரசியலின் மிக நேர்மையான ஓர் இளைஞர் கூட்டம் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உட்கார்ந்தவர்கள் அவர்களைவிடச் சிறியவர்கள். 2005-இல் வடக்கில் நடந்த புறக்கணிப்பின் கதை வேறு, அது துப்பாக்கியின் நிழலில் நடந்தது. அன்று மகிந்த ராஜபக்சவின் வெற்றி வித்தியாசம் ஒரு லட்சத்து எண்பதாயிரம். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டுக்குக் காத்திராமல் தெருவிலேயே அரசை வீழ்த்திய பிள்ளைகளை இந்தச் சில ஆண்டுகளில் பார்த்தோம். 2022-இல் கொழும்பு, 2024-இல் டாக்கா, 2025-இல் காட்மாண்டு. நம் பிள்ளைகளும் அந்தக் காணொளிகளைப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் ‘ஐயோ, இங்கே வேண்டாம்’ என்கிறோம். சரி, வேண்டாம். வேறு எங்கே வேண்டும் என்று காட்ட வேண்டாமா? தேர்தல் வாசலைக்கூட நாம் எளிதில் திறந்துவிடவில்லை: மலேசிய சோசலிசக் கட்சி 1998-இல் பதிவுக்கு மனுப் போட்டு, 2008-இல்தான் அனுமதி பெற்றது. தேர்தலில் நிற்க ஆசைப்பட்டவர்களைப் பத்தாண்டு வாசலில் நிற்க வைத்த நாடு இது.

போன மாதம் இரவு பத்தரை மணிக்கு, காஜாங் ஸ்டேடியம் பக்கத்தில் ஒரு கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். உணவு விநியோகப் பையை மோட்டார் சைக்கிளில் இருந்து இறக்கிவைத்துவிட்டு ஒரு பையன் வந்தான். என் பழைய மாணவன். 2021 டிசம்பர் 15-இல் அவனுக்கு வாக்குரிமை வந்தது; மூன்றாம் நாள், 18-ஆம் தேதி, உலு லங்காட்டில் வெள்ளம். அவன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். உதவி வரும் வரும் என்று பார்த்து, கடைசியில் பக்கத்து கம்போங் பையன்களின் படகில்தான் அவன் பாட்டியை ஏற்றியிருக்கிறார்கள். வாக்காளனான முதல் வாரம்.

“ஓட்டுப் போட்டியா தம்பி?” என்று கேட்டேன்.

“ஒரு தடவ போட்டேன் சார். மாற்றம் வரும்னு நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க. மாறினது அவங்கதான். அந்தக் கட்சியிலேர்ந்து இந்தக் கட்சிக்கு.”

சிரித்தேன். வேறென்ன செய்வது. அவன் சிரிக்கவில்லை. அவன் ஃபிளாட்டுக்குப் பின்னால் லோங்காங், அதாவது சாக்கடை, அடைத்துக்கொண்டிருக்கிறதாம். மழை வந்தால் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறும். நகராண்மைக்கு மூன்று முறை புகார் கொடுத்தான், கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினான், எண் வந்தது, ஆள் வரவில்லை. ஒய்பி, அதாவது சட்டமன்ற உறுப்பினர், அலுவலகத்தில் கேட்டால் கவுன்சிலரைப் பார் என்கிறார்கள். கவுன்சிலர் யார் என்று அந்த ஃபிளாட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

“சார், ஒண்ணு சொல்லுங்க. அந்த லோங்காங்குக்கு யாருக்கு சார் ஓட்டுப் போடணும்? சொல்லுங்க, நாளைக்கே போடறேன்.”

என்னிடம் அதற்கு ஒரு பெயர் இல்லை. கைப்பேசி கூப்பிட்டது. யாரோ சாத்தே கேட்டிருக்கிறார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வரேன் சார்” என்று போனான்.